ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லையா? வீட்டில் மாற்றுவதற்கு முன் ஓர் ஒப்பீடு

சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் இரவில் ஓட்டும்போது பழைய ஹெட்லைட்டே போதும் என்றுதான் தோன்றும். நடுத்திட்டில் வளர்ந்து நிற்கும் அரளிச் செடிகள் எதிர்வண்டி வெளிச்சத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடும், ஓரக்கோடும் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து பிரிந்து ஒரு மாநிலச் சாலைக்குள் இறங்கிப் பாருங்கள். எதிரே வந்த லாரி கடந்த அடுத்த நொடி முன்னால் ஒன்றும் தெரியாது. பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நிற்கும் டிராக்டர் டிரெய்லர், ரோட்டிலேயே படுத்திருக்கும் மாடு, காயப்போட்ட சோளத்தைச் சுற்றி வைத்த கற்கள் எல்லாம் கிட்டே போன பிறகுதான் கண்ணில் படும். வீடு வந்து சேர்ந்ததும் ஆன்லைனில் ஹெட்லைட் தேட ஆரம்பிப்போம். '20,000 லூமென்' (லூமென் என்பது விளக்கு விடும் மொத்த ஒளியின் அளவு), '300 சதவீதம் கூடுதல் வெளிச்சம்', 'பத்தே நிமிடத்தில் நீங்களே மாட்டலாம்' என்று வரிசையாக வந்து விழும்.

இங்கே நான் பேசுவது ஹெச்4 பல்ப் போட்ட கார்களைப் பற்றி. ஆல்டோ, வேகன் ஆர், பழைய ஸ்விஃப்ட், சான்ட்ரோ என்று நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பங்கு இந்த வகைதான். ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை, பின்னால் மூன்று முள் கப்ளர். உங்கள் வண்டியில் கம்பெனியிலிருந்தே புரொஜெக்டரோ (தனி லென்ஸ் வைத்த விளக்கு) எல்.இ.டி.யோ வந்திருந்தால் கீழே சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்யத் தக்கது: லென்ஸைச் சுத்தம் செய்து, ரிலே வயரிங் (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேரடி ஒயர்) போட்டு, நல்ல 60/55 வாட் (பிரைட்டில் 60, டிம்மில் 55) ஹாலோஜன் மாட்டி, வெளிச்சத்தைச் சுவரில் அடித்துக் குறி வைப்பது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் கடையில் கொடுத்து புரொஜெக்டர் போடலாம். பழைய ரிஃப்ளெக்டருக்குள் (பல்பின் ஒளியை ரோட்டுக்குத் திருப்பும் பளபளப்பான கிண்ணம்) எல்.இ.டி. பல்பைச் சொருகுவது, ஹெச்.ஐ.டி. (செனான்) கிட் மாட்டுவது இரண்டையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பல்பை அல்ல

வெளிச்சம் குறைவதற்குப் பல்ப் காரணமாக இருப்பது அபூர்வம். ஐந்தாறு வருடம் வெயிலில் நின்ற காரின் ஹெட்லைட்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த மூடி கண்ணாடி கிடையாது, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சு வெயிலில் உரிந்து, மேற்பரப்பு மஞ்சளாகி மங்கிவிடும். மங்கிய லென்ஸ் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்காது, சிதறவும் அடிக்கும். ரோட்டில் விழ வேண்டியது எதிரே வருபவர் கண்ணில் விழும். இதற்குள் எத்தனை பெரிய பல்பைப் போட்டாலும் சிதறல்தான் கூடும்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. வாட்டர் பேப்பரில் 800, 1000, 2000, 3000 என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடியும் மஞ்சள். பற்பசை தேய்க்கும் வித்தை கல்யாணத்துக்கு வண்டியைப் பளபளப்பாக்க உதவும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரே மங்கியிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது பிளாஸ்டிக் மேல் பூசிய மெல்லிய அலுமினியம், துணி வைத்துத் துடைத்தால் கையோடு வந்துவிடும். அப்போது முழு ஹெட்லைட்டையே மாற்றுவதுதான் வழி. சென்னை புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் ரிஃப்ளெக்டரும் உங்களுடையதைப் போலவே வயதானது என்பதை மறக்க வேண்டாம். லூமாக்ஸ், மிண்டா போன்றவர்கள் தயாரித்த புதிய செட் வாங்குவது நல்லது.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: முன் கண்ணாடியின் உள்பக்கம். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாக அங்கே படிந்திருக்கும். பகலில் தெரியாது. இரவில் எதிர்வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பூத்துப் போகும். அதைத் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, பிறகு பணம் செலவழிக்கலாம்.

ரிலே கிட்: இருப்பதை முழுதாக எரியவிடுவது

ஹாலோஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். பத்து சதவீத வோல்டேஜ் இறங்கினால் ஏறக்குறைய முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். ஹெச்4 பல்பின் அளவு 13.2 வோல்ட்டில் டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் சுமார் 1,650 லூமென். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவுக்கு இருக்கும். ஆனால் அந்தக் கரண்ட் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வரை போய், மெல்லிய ஒயரில் திரும்பி வந்து, துருப்பிடித்த எர்த் வழியாக முடிய வேண்டும். பழைய வண்டிகளில் பல்ப் கப்ளருக்கு வந்து சேரும்போது 12 சொச்சம்தான் மிஞ்சும். மல்ட்டிமீட்டர் இருந்தால், ஹெட்லைட் எரியும்போதே பேட்டரியிலும் கப்ளரிலும் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உங்கள் பிரச்சினை அங்கேயே இருக்கிறது. வித்தியாசம் சொற்பமென்றால் ரிலேவுக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

ரிலே கிட் செய்வது இதைத்தான்: பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேரடியாகப் பல்புக்குக் கரண்ட், டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. பழைய சுவிட்ச் ரிலேவைத் தட்டி எழுப்பும் சிறு கரண்டை மட்டும் சுமக்கும். சுவிட்ச் சூடாகி உருகும் தொல்லையும் இதோடு போகும்.

வீட்டில் மாட்டக்கூடிய வேலைதான். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிடுங்கள். கிட்டின் ஆண் கப்ளர் ஏதாவது ஒரு பக்கப் பழைய கப்ளரில் போய்ச் சொருகும், மறுபக்கப் பழைய கப்ளரைச் சும்மா டேப் சுற்றிக் கட்டிவிடலாம். புதிய பீங்கான் ஹோல்டர்கள் இரண்டும் பல்புகளுக்கு. எர்த் ஒயரைப் பெயின்ட் மேல் முடுக்கக் கூடாது, சுரண்டி உலோகம் தெரிந்த இடத்தில் முடுக்க வேண்டும். ரிலேவை முள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது. ரேடியேட்டர் ஃபேன் பக்கமும் சைலன்ஸர் பக்கமும் ஒயரைக் கொண்டுபோகாமல் டை போட்டுக் கட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இல்லாத கிட்டை வாங்கவே வாங்காதீர்கள். தடித்த ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் ஃபியூஸ் போவதோடு முடிய வேண்டும், தீயில் முடியக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை. ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்காது, எர்த் பக்கம் இருக்கும். சாதாரண கிட்டை மாட்டினால் டிம்மும் பிரைட்டும் தாறுமாறாக எரியும். வாங்கும்போதே மாடலைச் சொல்லிக் கேளுங்கள். அடுத்தது, வாரண்டியில் இருக்கும் வண்டியிலும், ஹெட்லைட்டைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் புதிய வண்டிகளிலும் கை வைக்க வேண்டாம்.

எந்த ஹாலோஜன்?

சாதாரண 60/55, 'பிளஸ்' வகை 60/55, அப்புறம் 100/90. கடையில் மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டியில் அடுக்கியிருக்கும்.

பிலிப்ஸ், ஓஸ்ராம் இருவருமே 'நூறு சதவீதத்துக்கும் மேல் கூடுதல்' என்று எழுதி விற்கும் பல்புகள் 60/55 வாட்டுக்குள்ளேயே அடங்குபவை. மொத்த வெளிச்சம் இரட்டிப்பாவதில்லை. இழையை நுணுக்கமாகச் சுற்றி, ரோட்டில் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் விழும் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள், சதவீதக் கணக்கு அந்த இடத்துக்கானது. உண்மையிலேயே வித்தியாசம் தெரியும், கண் கூசுவதும் அதிகரிக்காது. விலை அதிகம், ஆயுள் குறைவு. இரவில் அடிக்கடி ஓட்டாதவர்களுக்குச் சாதாரணப் பல்பே போதும் என்பேன்.

100/90 நம் ஊர் எலக்ட்ரீஷியன்களின் செல்லப்பிள்ளை. மாட்டியதும் 'அடேங்கப்பா' என்று இருக்கும், மறுக்கவில்லை. இரண்டு பல்பும் பிரைட்டில் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ரிலே இல்லாமல் போட்டால் சுவிட்சும் கப்ளரும் உருகும். ரிலே போட்டாலும் அந்தச் சூடு ரிஃப்ளெக்டரைப் பொரித்து, நாளடைவில் பூச்சை மங்கச் செய்யும். டிம்மிலேயே 90 வாட் எரிவதால் எதிரே வருபவருக்குக் கூசும். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு இது வேண்டாம்.

எதைப் போட்டாலும் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

எல்.இ.டி. பல்ப்: பளிச்சென்று இருக்கிறது, பிறகென்ன?

எல்லோரும் கேட்பது இதைத்தான். விலை சில ஆயிரம், பழைய பல்பை எடுத்துவிட்டு இதைச் சொருகினால் முடிந்தது, கரண்டும் குறைவாக இழுக்கும், வெள்ளை வெளேரென்று எரியும். இதில் என்ன தப்பு என்று கேட்பவருக்கு ஹெச்4 பல்பின் உள்ளே நடப்பதைச் சொல்லியாக வேண்டும்.

டிம் இழைக்குக் கீழே கிண்ணம் போல ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அது இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் மறைக்கிறது. மேல்பாதியில் மட்டும் பட்ட வெளிச்சம் கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழுகிறது. சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவே ஒரு கோடு. அந்தக் கோடுதான் எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது. இவ்வளவும் இழை மில்லிமீட்டர் பிசகாமல் அதன் இடத்தில் இருந்தால் மட்டுமே நடக்கும். இழை ஒரு மெல்லிய சுருள், சுற்றிலும் ஒளி விடும். எல்.இ.டி.யில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள். சில்லு இழையைவிடப் பெரிதாகவோ, தகடு தடிமனாகவோ, இடம் சற்று முன்பின்னாகவோ இருந்தால் ரிஃப்ளெக்டர் ஒளியைத் தவறான இடத்துக்கு அனுப்பும். கோடு கலங்கும், மேலே வெளிச்சம் கசியும்.

ஓட்டுபவருக்கு இது தெரியாது. காரணம், பெரும்பாலான எல்.இ.டி. பல்புகள் வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரைப் பகலாக்கிவிடும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். அந்தப் பக்கத்து வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கிவிடுவதால் தூரத்தில் இருப்பது முன்னைவிடக் குறைவாகவே தெரியும். எண்பதில் போகும்போது நமக்கு வேண்டியது அந்தத் தூரம்தானே?

பெட்டி மேல் போட்டிருக்கும் 20,000 லூமென் கணக்கைக் கண்டுகொள்ளாதீர்கள். கம்பெனி பொருத்தி வரும் டி2எஸ் செனான் பல்பே 3,200 லூமென்தான். நிறமும் ஒரு விஷயம்: ஹாலோஜன் 3,200 கெல்வின் அளவில் மஞ்சள், எல்.இ.டி. பெரும்பாலும் 6,000க்கு மேல். அந்த நீலம் கலந்த வெள்ளை மழையிலும் பனியிலும் கூசலைத்தான் கூட்டும். நனைந்த தார்ச்சாலையில் குழி எது, நிழல் எது என்று பிரித்துப் பார்ப்பதும் சிரமம். இவை போக, பின்னால் துருத்தும் ஃபேன் காரணமாக ரப்பர் மூடி சரியாக உட்காராமல் உள்ளே தூசியும் ஈரமும் போகும், சில மலிவு பல்புகளில் எஃப்.எம். ரேடியோ இரையும்.

எல்.இ.டி. என்றாலே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராமின் ஹெச்7 எல்.இ.டி. பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லாக் காருக்கும் இல்லை. இந்தப் பல்ப், இந்த மாடல் ஹெட்லைட் என்று ஜோடி ஜோடியாகச் சோதித்துப் பட்டியலில் சேர்த்த வண்டிகளுக்கு மட்டும். ஆன்லைனில் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று விற்பவர் அந்தச் சோதனையைச் செய்திருக்கப் போவதில்லை.

ஹெச்.ஐ.டி. கிட்

இதன் காலம் முடிந்துவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தபோது அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஐரோப்பிய விதிப்படி அத்தனை வெளிச்சமுள்ள விளக்கோடு தானாக மட்டம் சரிசெய்யும் கருவியும், லென்ஸைக் கழுவும் அமைப்பும் சேர்ந்தே வர வேண்டும். கடையில் விற்கும் கிட்டில் பல்பும், அதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் பேலஸ்ட் பெட்டியும் மட்டும்தான். பற்ற வைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், எரியும்போது ஒயரில் கை வைத்தால் ஆபத்து. முழு வெளிச்சம் வரச் சில நொடிகள் ஆகும் என்பதால், அணைந்திருக்கும் விளக்கைச் சட்டென்று அடித்துச் சைகை காட்ட உதவாது. ஹெச்4 கிட்டில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் பல்பையே ஒரு காந்தச் சுருள் முன்னும் பின்னும் இழுக்கும், அது சிக்கிக்கொண்டால் பிரைட்டிலேயே நிற்கும். மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

புரொஜெக்டர்: சரியான வழி, ஆனால் வீட்டு வேலை அல்ல

பை-எல்.இ.டி. புரொஜெக்டர் (டிம், பிரைட் இரண்டையும் ஒன்றே தருவது) என்பது தனக்கென்று லென்ஸ், மறைப்புத் தகடு எல்லாம் கொண்ட முழு விளக்கு. பழைய ரிஃப்ளெக்டரை நம்பி அது இல்லை, அதனால் கோடு கத்தி வெட்டியது போல விழும். செலவு எல்.இ.டி. பல்பைவிடப் பல மடங்கு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு.

ஹெட்லைட்டைச் சூடேற்றி, பசையை இளக்கி, லென்ஸைப் பிரித்து, உள்ளே புரொஜெக்டரை மட்டம் பார்த்துப் பொருத்தி, மறுபடி பசை போட்டு மூட வேண்டும். சமையலறை ஓவனில் இதைச் செய்யும் வீடியோக்கள் ஏராளம். சூடு கொஞ்சம் கூடினால் லென்ஸ் வளையும், சில மாடல்களில் இளகவே இளகாத பசை போட்டிருப்பார்கள். ஒட்டும்போது ஒரு மயிரிழை விட்டாலும் முதல் மழையிலேயே உள்ளே வியர்த்து நீர் நிற்கும். பழகிய கைக்கே விட்டுவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே டிம்மின் கோடு இடது ஓரத்தில் மேலேறியும் வலது பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த புரொஜெக்டரில் இது தலைகீழ். மேலேறும் பகுதி எதிரே வருபவர் முகத்துக்கு நேராகப் போகும். மாட்டும் முன் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரம் புகுந்தால் எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கூடுதல் விளக்கு

மாதத்தில் பல இரவுகள் ஆளரவமில்லாத சாலையில் ஓட்டுபவர்களுக்குப் பம்பரில் ஒரு ஜோடி நல்ல நெடுந்தூர விளக்கு உதவும். பிரைட் போட்டால் மட்டும் எரிந்து, டிம் செய்ததும் தானாக அணையும்படி ரிலே வயரிங் செய்ய வேண்டும். தனி சுவிட்ச் வைத்தால் எதிரே வண்டி வரும்போது அணைக்க மறப்போம். கூரை மேல் மாட்டும் எல்.இ.டி. பட்டை ஊருக்குள் யாருக்கும் நல்லதில்லை.

சட்டம்

ஒரு காலத்தில் போக்குவரத்துப் போலீசார் வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கூசக் கூடாது என்ற அந்தக் கவலை மத்திய மோட்டார் வாகன விதி 106-இல் இருக்கிறது: 8 மீட்டர் எதிரே, சற்று வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றினால் 2019 திருத்தத்தில் மாற்றி எழுதிய 182ஏ பிரிவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நடைமுறையில் யாரும் பிடிப்பதில்லையே என்பீர்கள். எஞ்சின் பக்கம் தீப்பிடித்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது அந்தப் பேச்சு எடுபடாது.

சுவரில் குறி வைப்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது, காசும் கிடையாது. டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், டேஷ்போர்டில் உள்ள, வெளிச்சத்தின் உயரம் மாற்றும் திருகு 0-வில் இருக்கட்டும். சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் தூரத்தில் வண்டியை நிறுத்தி, பல்பின் நடுமைய உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். டிம் கோடு அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், அதாவது ஒரு சதவீதச் சரிவு. ஹெட்லைட் மேல் வேறு சதவீதம் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹெட்லைட்டின் பின்பக்கத் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி ஒவ்வொரு பக்கமாகச் சரிசெய்யுங்கள். மறுபக்க விளக்கை அட்டையால் சிறிது நேரம் மறைத்தால் போதும், துணி போட்டு மூடினால் பிளாஸ்டிக் சூடேறிவிடும். பின்னால் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும். டேஷ்போர்டில் 1, 2, 3 என்றிருக்கும் அந்தத் திருகு அதற்காகத்தான்.

ஏற்கெனவே எல்.இ.டி. பல்ப் மாட்டியிருப்பவர்களும் இதே சுவரில் அடித்துப் பாருங்கள். சில்லுகள் மேலும் கீழும் பார்த்தால் தப்பு, இடமும் வலமுமாக, கடிகாரத்தில் 3-யும் 9-ம் போல இருக்க வேண்டும். பல பல்புகளில் கழுத்தைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம். திருப்பிய பிறகும் சுவரில் தெளிவான கோடு விழவில்லையென்றால் டேஷ்போர்டுக்குள் கிடக்கும் பழைய ஹாலோஜனை எடுத்து மாட்டிவிடுங்கள்.